70,000 கையெழுத்தும் 3,412 கையெழுத்தும்

கடந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன்னே திருவண்ணாமலைப் பேருந்து நிலையத்தில் நாங்கள் ஆறு பேர் கூடினோம். செஞ்சி, திண்டிவனம் வழியாகச் சென்னை போகும் வண்டி. சென்னை நாளையொட்டி சேப்பாக்கத்தில் இருக்கும் செனட் ஹவுஸைப் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நண்பர் ஒருவர் தகவல் அனுப்பியிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பட்டமளிப்பு மண்டபம் அது. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் வெளியிலிருந்து பார்த்திருக்கிறோம். உள்ளே யாரும் போனதில்லை.

எங்களில் நான்கு பேர் திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரியில் படித்தவர்கள். ஒருத்தி இப்போது அங்கே வரலாறு படிக்கும் மாணவி. இன்னொருவரை நாங்கள் எல்லோரும் 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவோம். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். 2002-ல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தனியாக வரும்வரை எங்கள் ஊர்க் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. 1970களில் வாத்தியார் வாங்கிய பி.ஏ. பட்டம், இந்தச் செனட் ஹவுஸ் எந்தப் பல்கலைக்கழகத்தின் அடையாளமோ அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டம்.

வண்டியில் அவரிடம் கேட்டோம்: "பட்டம் வாங்க நீங்க மெட்ராஸ் போனீங்களா சார்?"

"எனக்குத் தபால்லதான் வந்துச்சு" என்றார். "கவுன் வாடகை, பஸ் சார்ஜு, ரெண்டு நாள் கூலி எல்லாம் கணக்குப் பாத்தாரு எங்கப்பா. தபால்ல வந்தா பட்டம் செல்லாதான்னு கேட்டாரு. செல்லும்னேன். அப்ப எதுக்குடா போறேன்னாரு. அவரு கேட்டது சரிதான."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களில் இரண்டு பேருக்கும் தபாலில்தான் வந்தது.

கட்டடமும் தாது வருஷமும்

செனட் ஹவுஸ் அழகான கட்டடம். அதை மறுப்பதற்கில்லை. மூலைக் கோபுரங்கள், மேலே குவிமாடங்கள், உள்ளே வண்ணம் தீட்டிய தூண்கள், வெயில் பட்டால் தரையில் நிறம் விழுகிற கண்ணாடிச் சாளரங்கள். ராபர்ட் சிஷோம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பக்கத்தில் இருக்கும் மாநிலக் கல்லூரியும் அவர் கைவண்ணம்தான். பைசாந்தியப் பாணியையும் இஸ்லாமியப் பாணியையும் இந்த நாட்டு வேலைப்பாட்டையும் கலந்து அவர் உருவாக்கிய இந்தப் பாணிக்கு இந்தோ சாரசெனிக் என்று பெயர். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டடத்தை, பல்கலைக்கழகத்தின் 150-ஆவது ஆண்டையொட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள்.

சுற்றிக் காட்டிய இளைஞர் தன்னார்வலர். பொறுமையாக, ஆசையாகப் பேசினார். வளைவுகளைப் பற்றி, சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி, கண்ணாடிகளைப் பற்றி. கட்டுமானம் 1874-ல் தொடங்கி 1879-ல் முடிந்தது என்று அவர் சொன்னபோது வாத்தியார் கையைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல.

"தம்பி, நடுவுல தாது வருஷம் வருதே?"

அந்த இளைஞருக்கு முதலில் புரியவில்லை. ஆனால் ஊரில் வயதானவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சுற்றுப் பகுதிகளையும் தின்று தீர்த்த பெரும்பஞ்சம். இறந்தவர்கள் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மழை பொய்த்தது உண்மை. ஆனால் தானியம் கப்பலேறி வெளியே போய்க்கொண்டுதான் இருந்தது. பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு மண் வெட்ட வேண்டும், கல் உடைக்க வேண்டும். உடல் உழைப்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்.

அந்த நிவாரண வேலைகளில் ஒன்று செனட் ஹவுஸுக்குப் பின்பக்கமாகவே ஓடுகிறது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டு, சுமார் 8 கிலோமீட்டர், 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுடையது. 1857-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண ஆளுநரே பல்கலைக்கழகத்தின் வேந்தர். அதாவது ஒரே மனிதரின் ஆட்சியில், ஒரே சேப்பாக்கத்தில், முன்பக்கம் பட்டமளிப்பு மண்டபம் எழுந்தது. பின்பக்கம் பட்டினி கிடந்தவர்கள் கால்வாய் வெட்டினார்கள்.

பஞ்சத்தில் முதலில் விழுபவர் யார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. நிலம் இல்லாதவர், களத்து நெல்லைக் கூலியாக நம்பி வாழ்ந்தவர், அடமானம் வைக்க ஒன்றும் இல்லாதவர். சேரியில் இருந்தவர்கள். மிஞ்சியவர்களில் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறினார்கள். கட்டடத்தை வெறுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. தாது வருஷத்தைத் தாண்டித்தான் இந்தச் சுவர் எழுந்தது என்பதையும் சுற்றிக் காட்டும்போது சொல்ல வேண்டும் என்கிறோம். அவ்வளவுதான்.

கேட்டவர்கள் யார்?

பல்கலைக்கழகம் வந்த கதையை எல்லா மலர்களிலும் இப்படித்தான் தொடங்குவார்கள். 1839 நவம்பர் 11-ல், அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, சென்னை மாகாண மக்கள் 70,000 பேர் கையெழுத்திட்ட மனு ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் தரப்பட்டது. எங்களுக்கு ஆங்கில உயர்கல்வி வேண்டும் என்பது கோரிக்கை. அதன் பிறகு 1854-ல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்றிலும் பல்கலைக்கழகங்கள். சென்னைக்குச் சட்டம் நிறைவேறிய நாள் செப்டம்பர் 5.

70,000 என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய எண். ஆனால் 1839-ல் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தவர் யார், மனு தன் வீட்டுத் திண்ணைக்கு வந்து சேரும் தெருவில் குடியிருந்தவர் யார் என்று கேட்டால், அந்த 'மக்கள்' என்ற சொல்லின் எல்லை தெரிந்துவிடும். கல்வி வேண்டும் என்று கேட்டது தவறில்லை. கேட்டவர்கள் வாங்கிக்கொண்டார்கள். கேட்கவே வழியில்லாதவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் எங்கள் கேள்வி.

முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. இருவரும் மிஷன் பள்ளியில் படித்து வந்தவர்கள். தாமோதரம்பிள்ளை பிறகு தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். அந்தப் பட்டத்தால் தமிழுக்கு நன்மை கிடைத்தது. மறுக்கவில்லை.

அதே காலத்தில் சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? 1860-ல் செங்கற்பட்டுப் பகுதியில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த நாட்களைத் தம் 'ஜீவிய சரித சுருக்க'த்தில் சொல்லியிருக்கிறார். அங்கே சுமார் 400 மாணவர்கள். பத்துப் பேர் போக மற்ற அனைவரும் பார்ப்பனர். ஊர் எது, வீடு எது, சாதி எது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து அவர் யாரோடும் விளையாடப் போகமாட்டார். மணியடிக்கும் வரை வெளியிலேயே இருந்துவிட்டு, அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வேகமாக நடந்து வீடு சேர்வார்.

இதை வாசிக்கும் தோழர்களில் எத்தனை பேருக்கு அந்த வேக நடை பழக்கம்? எங்களுக்குப் பழக்கம்.

இன்னொரு மனு

அந்தப் பையன்தான் வளர்ந்து 1893 அக்டோபரில் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லைக் கேட்டுவிடக் கூடாதென்று பள்ளியில் ஓடினாரோ, அதையே தலைப்பாக அச்சடித்தார்.

அந்த ஆண்டு ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில் மட்டும் நடந்தது. இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது காங்கிரசின் கோரிக்கை. 1893 ஜூனில் இங்கிலாந்து மக்களவை அதற்கு ஆதரவாகத் தீர்மானமும் போட்டது. இரட்டைமலை சீனிவாசன் அந்த டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டி, எதிர்ப்பு மனு ஒன்றை நிறைவேற்றினார். 112 அடி நீளம். 3,412 கையெழுத்துகள். ஜெனரல் செஸ்னி வழியாக நாடாளுமன்றத்துக்குப் போனது.

இந்த மனுவைக் காட்டித்தான் இன்றும் சிலர் எங்கள் தலைவர்களை வெள்ளைக்காரன் விசுவாசி என்று எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல செனட் ஹவுஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இந்தியாவில் தேர்வு நடந்தால் யார் எழுதியிருப்பார்கள்? இந்த மண்டபத்தில் கவுன் போட்டு நின்றவர்கள். இந்த மண்டபத்தில் யார் நின்றார்கள்? 1913-ல் அலெக்சாண்டர் கார்டியூ அரசு ஆணையத்திடம் கொடுத்த கணக்கைப் பாருங்கள். 1912-ல் சென்னை மாகாணத்தின் மாவட்ட முன்சீப்களில் 72.6 விழுக்காடும், சார்பு நீதிபதிகளில் 83.3 விழுக்காடும் பார்ப்பனர். மக்கள் தொகையில் அவர்கள் மூன்று விழுக்காட்டைச் சுற்றி. பள்ளிக்குள் விடாமல் தடுத்தவன் கையில் ஆட்சியும் போனால் என் பிள்ளை என்ன ஆவான்? 3,412 பேர் கேட்டது அதைத்தான். அது வெள்ளைக்காரன் மேல் வைத்த பாசமல்ல, ஊர்த்தெருவைப் பற்றிய அனுபவ அறிவு.

அவர்கள் எதிர்ப்போடு நிற்கவுமில்லை. 1891-ல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். கல்வியும் அரசு வேலையும் கேட்கப்பட்டன. அதே ஆண்டு செங்கற்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அறிக்கை எழுத, 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. 1894-ல் கர்னல் ஆல்காட் அடையாறு பகுதியில் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1920 வாக்கில் அரசு தொழிலாளர் ஆணையரை நியமித்து, அவர் துறை மூலம் எங்களுக்கென்று பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. எங்கள் பாட்டன்மார் 'லேபர் ஸ்கூல்' என்று சொன்னது இதைத்தான். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் விடுதிகளும் அதன் தொடர்ச்சி. வாத்தியார் படித்ததும் அப்படி ஒரு விடுதியில், பிறகு பாடம் நடத்தியதும் அப்படி ஒரு பள்ளியில்.

மனுவின் நீளத்தில் 112 அடி இருந்தது. மண்டபத்துக்கும் சேரிக்கும் இடையிலிருந்த தூரத்தை அது ஒரே நாளில் குறைத்துவிடவில்லை. ஆனால் எங்கள் கையெழுத்து பதிவானது.

பட்டத்தால் அல்ல, வாக்கால்

பெரிய கூடத்தில் நின்றபோது, இங்கே பட்டமளிப்பு மட்டும்தான் நடந்ததா என்று மாணவி கேட்டாள். இல்லை என்று அந்த இளைஞர் சொன்னார். நாங்கள் எதிர்பார்த்து வந்ததும் அந்தப் பதிலைத்தான்.

பட்டம் வெறும் தாளாக ஒருநாளும் இருந்ததில்லை. 1919-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாண சட்டமன்றத்தில் 127 உறுப்பினர்கள். அதில் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கென்று தனியாக ஒரு தேர்தல் தொகுதி. பறையர், பள்ளர், வள்ளுவர், மாலா, மாதிகா, சக்கிலியர், தோட்டி, செறுமன், ஹொலையா ஆகிய ஒன்பது சாதிகளுக்கும் சேர்த்து ஐந்து இடங்கள். அதுவும் தேர்தல் இல்லை, நியமனம். பட்டதாரி தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தான். எங்கள் பிரதிநிதியை ஆளுநர் தேர்ந்தெடுத்தார். அந்த நியமன இருக்கையிலிருந்தே எம்.சி. ராஜாவும், இரட்டைமலை சீனிவாசனும், ஆர். வீரையனும் போராடினார்கள். பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் யாரும் யாரையும் தடுக்கக்கூடாது என்ற 1924-ஆம் ஆண்டுத் தீர்மானம் வீரையன் கொண்டுவந்தது. நூறாண்டு ஆகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் இன்னும் சில தெருக்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

பிறகு வட்டமேசை மாநாடு. அம்பேத்கரோடு லண்டன் போனவர் இரட்டைமலை சீனிவாசன். 1932-ல் தனி வாக்காளர் தொகுதி கையில் கிடைத்து, பூனா ஒப்பந்தத்தில் பறிபோனது. பதிலாகக் கூட்டுத் தொகுதியில் தனி இடங்கள். சென்னை மாகாணத்துக்கு 30. இந்தப் பண்டமாற்றில் எங்களுக்கு நேர்ந்த இழப்பை இங்கே பலமுறை எழுதியிருக்கிறோம். அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும்.

1937 ஜூலை 14. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னை மாகாண சட்டமன்றம் முதல்முறையாகக் கூடியது. இடம், இதே செனட் ஹவுஸ். 215 இடங்கள் கொண்ட அந்த அவையில் 30 இடம் எங்களவர்களுக்கு. 1879-லிருந்து பட்டம் வாங்குபவர்கள் மட்டும் ஏறி வந்த மண்டபத்துக்குள், சேரிகளின் பிரதிநிதிகள் அத்தனை பேர் ஒன்றாக நுழைந்தார்கள். அவர்களில் எம்.சி. ராஜா இருந்தார். அந்த ஆண்டே சென்னை மேயராகவும் பின்னாளில் சட்டமன்றத் தலைவராகவும் ஆன ஜெ. சிவசண்முகம் பிள்ளை இருந்தார். ராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்ற வி.ஐ. முனுசாமிப் பிள்ளை இருந்தார்.

ஆண்டு முடிந்ததும் சட்டமன்றம் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. அங்கே 1938-ல் எம்.சி. ராஜா கொண்டுவந்த குடியியல் தடைகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதாவை ராஜாஜி அரசு ஏற்கவில்லை. பிறகு 1939-ல் ஒரு சட்டம், 1947-ல் இன்னும் விரிவான சட்டம். திருவண்ணாமலைக் கோயிலின் ராஜகோபுரத்தைத் தாண்டி, ஆயிரங்கால் மண்டபத்தைத் தாண்டி நாங்கள் உள்ளே போய்க் கும்பிடுகிறோம் என்றால், அது யாரும் பெருந்தன்மையோடு திறந்துவிட்ட கதவல்ல.

வெகுகாலம் எங்களுக்கு வெளியிலிருந்து மட்டும் பார்க்கக் கிடைத்தவை இரண்டு மண்டபங்கள். ஒன்று கோயிலில், ஒன்று பல்கலைக்கழகத்தில். இரண்டையும் கட்ட மண் சுமக்கும்போது தீட்டு பார்ப்பதில்லை. கட்டி முடிந்தபின்தான் சாதி நினைவுக்கு வரும்.

பத்து பி.ஏ.க்கள்

சட்டமன்றம் இங்கே கூடிய அதே 1937-ன் ஜனவரியில், திருவிதாங்கூரில் வெங்கானூருக்கு வந்த காந்தி, அய்யன்காளியைச் சந்தித்தார். சாவதற்கு முன் என் சமூகத்தில் பத்துப் பேர் பி.ஏ. முடித்ததைப் பார்த்துவிட வேண்டும் என்று அய்யன்காளி சொன்னார் என்பது கேரளத்தில் எல்லோரும் அறிந்த செய்தி. வில்லுவண்டி ஏறிப் பொதுச் சாலையில் போனவர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்யவைத்தவர். அவர் கேட்டது ஆயிரமல்ல, பத்து. பல்கலைக்கழகம் தொடங்கி 80 ஆண்டுகள் கழித்து.

அதற்கு இரண்டாண்டுகள் முன்பு கொச்சியில் தாட்சாயணி வேலாயுதன் பி.ஏ. முடித்திருந்தார். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி, வேதியியல். அந்தக் கல்லூரி அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்தியாவின் முதல் தலித் பெண் பட்டதாரி என்று போற்றப்படுபவர் அவர். ஆய்வகத்தில் சோதனைகளை அவருக்குக் காட்டித்தர உயர்சாதி ஆசிரியர் மறுத்தார். தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். அப்படிப் படித்தவர் 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குப் போனார். அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் அவர்தான்.

இந்தப் பெயரைச் சொன்னதும் எங்கள் மாணவி அந்தச் சுற்றிக்காட்டிய இளைஞரிடம், "இதையும் சேர்த்துச் சொல்லலாமே அண்ணா" என்றாள். அவர் கைப்பேசியில் எழுதிக்கொண்டார். பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டுத் திருத்திக்கொண்டார். அடுத்த குழுவுக்கு அவர் சொல்லியிருப்பார் என்று நம்புகிறோம்.

உயர்கல்விக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1942-ல் வைஸ்ராயின் நிர்வாக சபையில் இருந்த அம்பேத்கர், லின்லித்கோ பிரபுவுக்கு ஒரு நீண்ட கோரிக்கை மனு கொடுத்தார். பனாரஸ், அலிகார் பல்கலைக்கழகங்களுக்கு அரசு மானியம் தருகிறதே, எங்கள் பிள்ளைகளின் உயர்கல்விக்கு ஏன் தரக்கூடாது என்று அதில் கேட்டார். 1944-ல் மெட்ரிக் படிப்புக்கு மேற்பட்ட கல்விக்கான உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. வாத்தியார் வாங்கிய உதவித்தொகைக்கு வேர் அங்கே. எங்கள் மாணவி இன்று எதிர்பார்த்துக் காத்திருக்கும் உதவித்தொகைக்கும் வேர் அங்கேதான். 1839 மனு ஒரு பல்கலைக்கழகத்தைக் கேட்டது. 1893 மனு ஆட்சி ஒரே சாதியின் கைக்குப் போய்விடக் கூடாது என்றது. 1942 மனு விடுதிக்கும் புத்தகத்துக்கும் கட்டணத்துக்கும் காசு கேட்டது. எங்களைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவை பின்னவை இரண்டும்.

வெளியே வந்த பிறகு

வளாகத்தில் விக்டோரியா அரசி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில், சாலையைக் கடந்து கடற்கரைப் பக்கம் போனால், தேவிபிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை. நான்கு பேர் பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். 1959-லிருந்து நெம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே புல்லில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தோம்.

வாத்தியார் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பழுப்பேறிய பட்டச் சான்றிதழ். கொண்டுவந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே எடுக்கக் கூச்சமாக இருந்ததாம். வா சார், திரும்பப் போய் மண்டபத்து வாசலில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று இழுத்துக்கொண்டு போனோம். படியில் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மாணவி படம் எடுத்தாள். "எங்கப்பா இருந்திருந்தா பஸ் சார்ஜு எவ்வளவுன்னு கேட்டிருப்பாரு" என்றார்.

அந்தப் படத்தை இங்கே போடலாமா என்று கேட்டோம். வேண்டாம், வீட்டில் மாட்டிக்கொள்கிறேன் என்றார்.

திரும்பி வரும் வண்டியில் பேச்சு வேறு பக்கம் போனது. 2023 ஜனவரி 30-ல் எங்கள் மாவட்டத்துத் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எம்மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். ஆட்சியரும் காவல்துறையும் உடன் நிற்க வேண்டியிருந்தது. 1947 சட்டம் வந்து 75 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அன்று பொங்கல் பானை தூக்கிப் போன பெண்பிள்ளைகளில் பலர் கல்லூரியில் படிப்பவர்கள். பட்டம் வாங்கினால் சாதி போய்விடும் என்று சொல்ல நாங்கள் அப்பாவிகள் இல்லை. ஹைதராபாத்தில் 2016-ல் ரோகித் வேமுலா ஆராய்ச்சி மாணவராக இருக்கும்போதுதான் செத்தார். ஆனால் படித்தவர்கள் இருக்கும் சேரியில் மனு எழுதத் தெரியும். சட்டத்தின் பிரிவு எண் தெரியும். ஆட்சியர் அலுவலகத்தில் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியும். தென்முடியனூரில் நடந்தது அதுதான்.

ஆகவே தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்னும் பட்டத்தைத் தபாலிலோ கல்லூரி அலுவலகச் சன்னலிலோதான் வாங்குகிறார்கள். விழாவுக்குக் கட்டணம், கவுன், வண்டிச் செலவு, ஒரு நாள் கூலி என்று அதே கணக்கு. தபாலில் வந்தாலும் பட்டம் செல்லும், உண்மைதான். ஆனால் கவுன் போட்டு மேடையேறும் மகளை ஒரு முறையாவது பார்க்கும் உரிமை, நடவு நட்டுப் படிக்கவைத்த அம்மாவுக்கு உண்டு. அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு எங்கள் பகுதியிலிருந்து ஒரு வேன் ஏற்பாடு செய்வதென்று வண்டியிலேயே முடிவெடுத்தோம். செலவு எங்களுடையது. பிள்ளையோடு பெற்றவர்கள் இரண்டு பேரும் வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

முதல் இருக்கை வாத்தியாருக்கு. தன் வகுப்பில் படித்த பெண் ஒருத்தி இந்த வருடம் எம்.ஏ. முடிக்கிறாளாம். அவளுடைய அப்பாவிடம் பேச வேண்டியது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்.